நீலக்கோட்டுக்குள் அண்ணன் வீடு

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் இருமல்தான் வரும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே இழுப்பு உண்டு. அந்த இழுப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமும் உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்க்க வந்த மாப்பிள்ளைகளிடம் என்ன கோளாறு என்று கேட்டால் ஒவ்வொருவரைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்வாள். அதில் ஒரு வார்த்தைகூட மிகையாக இருக்காது, அதுதான் கொடுமை. நகரத்து நீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. ஆற்றில் பெருவெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் நீல நிறத்தில் கோடு இழுப்பது அவள் பிழைப்பு. எங்கள் தெருவில் அவளுக்கு நீலக்கோடு என்றே பெயர். "நீலக்கோடு வருது, வாசல்ல நிக்காதீங்க, புடிச்சு உள்ள போட்டுடும்" என்று எதிர்வீட்டு டைலர் அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்வார். அவள் சிரிக்க மாட்டாள். "உங்க வீடு வெளியதான் இருக்கு, பயப்படாதீங்க" என்று பதில் சொல்லிவிட்டு நடப்பாள்.

நியாயம் என்றால் அவளுக்கு ஒரு வெறி. ஒரு ஆப்பிளை வெட்டிப் பங்கு போடச் சொன்னால், நல்ல துண்டையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கோணல் துண்டைத் தனக்கு வைத்துக்கொள்வாள். அதோடு விட்டால் பரவாயில்லை. தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் கோணல் துண்டையே கொடுப்பாள். இதை நான் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் படிப்பில் ஒரு வருடம் கோட்டை விட்டு, தங்கையோடு ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தவர். அவள் அந்த வகுப்புக்கு லீடர். வாத்தியார் வெளியே போனால் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைக்க வேண்டியது அவள் பொறுப்பு. ஒருநாள் முதல் பெயராக அண்ணன் பெயரை எழுதினாள். அவருக்குக் கை வீங்குகிற அளவுக்கு அடி. இந்தக் கதை எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் காபியோடு சேர்த்துக் கொடுக்கப்படும். "வாயை மூடவே மாட்டான். தம்பியோ அண்ணனோ, எழுதித்தானே ஆகணும்?" என்று அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனுஷன் சின்ன வயதில் வாயாடியாக இருந்தார் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சுடுவார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். அந்த வார்னிஷ் புகை வருடக்கணக்கில் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "பட்டறை ஒரு பக்கம் போகணும், இல்லேன்னா நீங்க ஒரு பக்கம் போகணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பட்டறையைக் கீழே விட்டுவிட்டு, மேலே மாடி கட்டிக் குடித்தனம் போவது என்று முடிவு செய்தோம். இன்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்தார். சமையலறைக்கு இரண்டு ஜன்னல். அந்தப் பிளானை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் புதுக் கொள்கை கொண்டுவந்தது. அதுவரை குடிநீருக்கு ஒரு பிரிவு, வடிகாலுக்கு ஒரு பிரிவு, ஆற்றுக்கு ஒரு பிரிவு என்று மூன்றும் ஒரே கட்டடத்தில் எலியும் பூனையுமாக இருந்தன. வடிகால்காரர் தெருத் தண்ணீரையெல்லாம் ஆற்றில் தள்ளுவார். ஆற்றுக்காரர் கரையை உயர்த்தி அதைத் தெருவுக்கே திருப்பி அனுப்புவார். கோடை வந்தால் குடிநீர்க்காரர் தண்ணீர் எங்கே என்று இரண்டு பேரையும் கேட்பார். கேண்டீனில்கூடத் தனித்தனி மேஜையாம், என் நாத்தனார் சொன்னது. இனிமேல் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திட்டம் போட வேண்டும், ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு இடம் விட வேண்டும், விளையாட்டு மைதானத்தைத் தாழ்த்தி வெள்ளத்தை அங்கே நிறுத்தி நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்பதெல்லாம் புதுக் கொள்கை. நல்ல கொள்கைதான், நான் குறை சொல்லவில்லை. அதில் ஒரு விதி இருந்தது. நீலக்கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீட்டை யாரும் இடிக்க மாட்டார்கள். ஆனால் அதன்மேல் புதிதாக ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கிடையாது.

கோட்டுக்கு நன்றாக உள்ளே இருக்கும் வீடுகளில் பிரச்சினை இல்லை. விளிம்பில் இருக்கும் வீடுகள்தான் தலைவலி. நிலத்தின் உயரத்தை விமானத்திலிருந்து அளந்திருந்தார்கள். மரமும் தகரக் கூரையும் நெருங்கி நிற்கிற இடத்தில் அந்த அளவு முன்னேபின்னே இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளைச் சந்தேக வீடுகள் என்று சொல்வார்கள். சந்தேகம் என்றால் உள்ளே வைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் என் நாத்தனார் அப்படிச் சும்மா வைக்கிற ஆளா? முக்காலி ஸ்டாண்டில் அளவுக் கருவியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சந்தேக வீட்டு வாசலுக்கும் தானே போய் உயரம் அளந்தாள். கோட்டுக்கு மேலே இருந்தால் வெளியே எடுத்தாள். டைலர் வீடு அப்படித்தான் தப்பித்தது. எங்கள் தெருவில் அவள் நிற்காத வாசல் இல்லை.

எங்கள் வீட்டு வாசலைத் தவிர. எங்கள் வீடு தெருக்கோடியில், ஒரு மேட்டின் சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து படியேறித்தான் வர வேண்டும். அளவுக் கருவி எங்கள் பக்கம் திரும்பாததைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நமக்குச் சந்தேகமே இல்லை, நாம் கோட்டுக்கு வெளியே என்று நினைத்தேன். அவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நகர மன்ற மண்டபத்தில் நடந்தது. நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். கோட்டுக்குள் மாட்டியவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "ஏழை வீடா பார்த்து உள்ள போட்டிருக்கீங்க! உங்க சொந்தக்காரங்க வீடு ஒண்ணாவது இதுல இருக்கா?" என்று கத்தினார். மேடையில் இருந்த அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசை நாற்காலியிலிருந்து என் நாத்தனார் எழுந்தாள். மைக்குகூட வேண்டியிருக்கவில்லை.

"இருக்கு. எங்க அண்ணன் வீடு உள்ளதான் இருக்கு. அவர் மாடி கட்டறதா இருந்தார். இப்ப கட்ட முடியாது."

கத்தினவர் மெதுவாக உட்கார்ந்தார். எங்கோ யாரோ கைதட்ட, அது பரவியது. கொள்கை அன்றைக்கு அந்தக் கைதட்டலில்தான் தேறியது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான். என் வீட்டுக்காரர் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் விடுவேனா? அடுத்த நாளே அவள் அலுவலகத்துக்குப் போனேன்.

"எங்க வீட்டை அளந்தியா?"

"இல்ல அண்ணி."

"ஊர்ல இருக்கிற வாசலையெல்லாம் அளந்த. எங்க வாசல்ல என்ன முள்ளா கெடக்கு?"

"நானே வந்து அளந்து, நானே வெளிய எடுத்தா, ஊர் என்ன சொல்லும்? சந்தேகம்னா உள்ள வைக்கணும்னு விதி இருக்குல்ல."

"வேற ஆளை அனுப்பியிருக்கலாமே?"

"எங்க ஆபீசரும் அதைத்தான் சொன்னார். நான்தான் வேணாம்னேன். இங்க இருக்கிற எல்லாரும் எனக்கு வேண்டியவங்கதானே அண்ணி. அப்படியும் பேச்சு வரும்."

அவள் முகத்தில் பிடிவாதம் இருந்தது, ஆனால் கை மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே அவளுக்கு உறுத்தியிருக்கிறது. எனக்குத்தான் கோபத்தில் கண் தெரியவில்லை. "உன் நியாயத்தை நீயே வெச்சு மூச்சு விட்டுக்கோ, என் மூச்சை ஏன் புடிக்கிற?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் வந்து அளப்பார்கள். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றுவிட்டார். நான் கெஞ்சினேன், அழுதேன், இரண்டு நாள் சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். "அவளா அளக்காத வீட்டை நான் போய் அளங்கன்னு கேக்கணுமா?" என்றார். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், நடுவில் மாட்டிக்கொண்டது என் நுரையீரல். அவகாசம் முடிந்தது. கோடு அடுத்த மறுஆய்வு வரை மாறாது என்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வருவது மட்டும் நிற்கவில்லை. அவள் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் அவர் பட்டறைக்குள் போய் ஏதாவது ஒரு மோட்டாரை ஓடவிட்டுவிடுவார். அது உறுமும். அவள் என்னோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, அவர் முதுகைப் பார்த்து "வரேன் அண்ணா" என்பாள். மோட்டார் உறுமும். இப்படியே மழைக்காலங்கள் வந்து வந்து போயின. வெள்ளம் வரவில்லை. வானம் தூறும்போதெல்லாம் அவள் எங்கள் படியை ஒரு பார்வை பார்ப்பாள். நான் அதற்கு அர்த்தம் எதுவும் நினைக்கவில்லை.

பிறகு வந்தது அந்த மழை. விடாமல் கொட்டி, ஆறு பொங்கி, காலையில் மைதானம் நிரம்பியது. திட்டம் போட்டபடியே அது தண்ணீரை வாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் பாதி நகரம் முழுகியிருக்கும். அப்படியும் மதியத்துக்குள் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கோட்டுக்குள் இருந்த வீட்டுக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தபடி சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை, அவரை விட்டுவிட்டு நானும் போகவில்லை. பட்டறையில் இருந்த மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மேல்தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வரும்போது அது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று தெருத்தெருவாக நின்று குறிக்க அலுவலகத்து ஆட்களை அனுப்புவார்களாம். எங்கள் தெருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் என் நாத்தனார். மழைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் அளவுக் கம்போடு, எங்கள் படிக்கு எதிரே தண்ணீரில் நின்றாள். உள்ளே வா என்று நான் ஜன்னலிலிருந்து கத்தினேன். காதில் விழாத மாதிரி நின்றாள். தெருவில் வேறு எந்த வாசலையும் அவள் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் படி முழுகியது. அடுத்த படி. தண்ணீர் ஒரேயடியாக ஏறாது. அலை அலையாக வந்து நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும், மறுபடி வரும். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டு மாடியில் நின்ற டைலரும் அவர் சம்சாரமும் அதைப் பார்த்து உருகிப் போனார்கள். "பாவம், அண்ணன் வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடக் கூடாதுன்னு வேண்டிக்குது" என்று டைலர் மழையிலும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் ஏதோ இடித்தது. அலை மேலே வரும்போது அவள் அமைதியாக நின்றாள். கீழே இறங்கும்போது கையைப் பிசைந்தாள். மாற்றி அல்லவா இருக்க வேண்டும்?

கடைசிப் படியின் விளிம்பு நனைந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாமான்களை எங்கே தூக்கி வைப்பது? இருமல் வேறு பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பட்டறை வாசலில் வந்து நின்று, தண்ணீரையும் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். சாயங்காலம்வரை தண்ணீர் அந்த விளிம்போடு நின்று விளையாடியது. பிறகு அந்த விளிம்பு மெல்ல வெளியே தெரிந்தது. அதற்குக் கீழ்ப் படியும் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை.

அவள் அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புவரை தண்ணீர். அளவுக் கம்பு மிதந்து போனது. வாய்விட்டு அழுதாள். என் வீட்டுக்காரர் படியிறங்கிப் போய், அக்குளில் கைகொடுத்து அவளைத் தூக்கினார். "எந்திரி. எந்திரிச்சு வா. உள்ள வா" என்றார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் தங்கையிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எதிர்மாடியில் டைலர் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சமையலறையில் உட்காரவைத்துத் தலை துவட்டிவிட்டேன். என் சேலையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். டீ கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, தண்ணி ஏறணும்னு வேண்டிக்கிட்டேன்."

"என்னடி உளர்ற?"

"ஏறணும்னுதான். ஒரே ஒரு படி. உள்ள கொஞ்சமா வந்தா போதும்னு. கோடு போட்ட எடத்துலயெல்லாம் சரியா வந்து நின்னுச்சுன்னு போன்ல சொன்னாங்க அண்ணி, அளந்த எல்லா வீட்டுலயும். இங்கயும் வந்துட்டா நான் தப்புப் பண்ணலேன்னு ஆயிடும்ல."

"என் வீட்டுக்குள்ளயா? நான் உள்ள இருக்கேன், இருமிக்கிட்டு, அவர் உள்ள இருக்கார். ஒரு படியாம்!" என் டம்ளரை நான் வைத்த வேகத்தில் அடுப்பு மேடையெல்லாம் டீ. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள், அடிக்க எனக்குத்தான் கை வரவில்லை. அந்தத் தண்ணீரில் பகல் முழுக்க நின்று, சொந்த அண்ணன் வீடு முழுகட்டும் என்று வேண்டிக்கொண்டவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவ்வளவு நாளும் அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்று பட்டது.

"அண்ணன்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"வாயைத் திறந்த, கொன்னுடுவேன்" என்றேன். உள்ளே அவர் சீட்டியடித்துக்கொண்டு மோட்டார்களைத் தட்டிலிருந்து இறக்குவது கேட்டது. அவர் சீட்டியடித்து நான் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. இன்னொரு காரணமும் உண்டு, மறைப்பானேன்? தண்ணீர் ஏறாத வீட்டுக்கு மாடி கட்ட அனுமதி கிடைக்கும். அந்த நேரத்தில் அண்ணனும் தங்கையும் மறுபடி முறைத்துக்கொண்டால் என் மாடி என்ன ஆவது?

அவள் அண்ணனிடம் வாயை மூடிக்கொண்டாளே தவிர, அலுவலகத்தில் திறந்துவிட்டாள். வெள்ளம் வடிந்ததும் அதே மண்டபத்தில் மறுஆய்வுக் கூட்டம் போட்டார்கள். இந்த முறை மேடைக்கே போய் நின்றாள். "எங்க அண்ணன் வீட்டை நான் அளக்கவே இல்ல. பட்சபாதம்னு பேரு வந்துடுமோன்னு பயந்து, அளக்காமலே உள்ள வெச்சேன். அதைக் காட்டித்தான் இங்க எல்லாரையும் ஒத்துக்க வெச்சேன். அது ஏமாத்து வேலை" என்றாள். மண்டபம் இரண்டுபட்டது. அப்படியானால் எல்லாக் கோடும் பொய்தானே என்று சிலர் குதித்தார்கள். வடிகால் பிரிவுக்காரரும் குடிநீர்ப் பிரிவுக்காரரும், மைதானம் தண்ணீர் வாங்கியதையும், மற்ற வீடுகளில் கோடு பிசகாததையும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் கூட்டத்தை அடக்கினார்கள். அவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் கொள்கை பிழைத்தது. கூடவே ஒரு புது விதியும் சேர்ந்தது. சந்தேக வீடு எதையும் அளக்காமல் விடக் கூடாது, அலுவலகத்து ஆளின் சொந்தக்காரர் வீடு என்றால் வேறு ஊர் ஆள் வந்து, வீட்டுக்காரரை அருகில் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். எங்கள் வீடு அப்படித்தான் அளக்கப்பட்டு வெளியே வந்தது. என் நாத்தனாரை வரைபடப் பிரிவிலிருந்து எடுத்துப் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள்.

அவள் எதிர்பார்த்தது திட்டு. கிடைத்தது வேறு. "அண்ணனுக்காக வேலையையே பணயம் வெச்சா பாரு" என்று தெருவே பேசியது. டைலர் அவளை நீலக்கோடு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். அம்மா என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் ஈயாடாது. உண்மையைச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பாராட்டாகவே வந்து விழுந்தது. சொல்லாமல் மிச்சம் இருந்தது அந்த ஒரு வேண்டுதல் மட்டும்தான். அது எனக்கும் அவளுக்கும் நடுவில் கிடந்தது. என் வீட்டுக்காரர் அவளுக்கு ஆசையாக ஏதாவது எடுத்து வைக்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்ப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மாடி எழும்பியது. சமையலறைக்கு இரண்டு ஜன்னல், என் பிளானில் இருந்தபடியே. ஆனால் பிளானில் இல்லாத ஒரு அறையும் முன்பக்கம் எழும்பியது. யாருக்கு என்று கேட்டேன். "அவளுக்கு. தனியா எதுக்குக் கெடக்கணும்?" என்றார். அவள் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டார். சொல்லவில்லை. அவர் பிடித்த பிடியில் நின்றார். கடைசியில் பூச்சு வேலை முடிந்த அன்று பார்த்துவிட்டாவது போ என்று கூட்டிக்கொண்டு வந்தார். சுவரெல்லாம் இன்னும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. எனக்கு இருமல் வரவில்லை, அது ஒரு சந்தோஷம்.

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, தாழ்ப்பாளைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தார். கீழே எங்கள் படி தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணா, இந்த ரூம் எனக்கு வேணாம்."

"ஏன்?"

நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் அங்க நின்னு வேண்டிக்கிட்டது தண்ணி ஏறக் கூடாதுன்னு இல்ல. ஏறணும்னு."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் திருப்புளியை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"அண்ணி சொன்னாங்களா?"

"அவ எங்க சொன்னா." என் பக்கம் ஒரு பார்வை. "தண்ணி எறங்கும்போதெல்லாம் கையைப் பெசஞ்ச. நான் பட்டறை வாசல்லதானே நின்னேன். ஏறியிருந்தா உன் கோடு சரின்னு ஆகியிருக்கும், நானும் கடைசிவரைக்கும் உன்கிட்ட பேசியிருக்க மாட்டேன். ஏறல. நீ தண்ணிக்குள்ள உக்காந்துட்ட. அப்படியே விட்டுட்டு எப்படி உள்ள போறது?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இவ்வளவு நாளும் இவரிடமிருந்து மறைப்பதாக நினைத்து நான் விழுங்கியதெல்லாம் இவருக்கு அன்றைக்கே தெரிந்த விஷயம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணா. கிளாஸ்ல நான் போர்டுல உன் பேரை எழுதின அன்னைக்கு நீ பேசவே இல்லதானே?"

அவர் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

"வாத்தியார்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவ்வளவு அடி வாங்கினியே."

"சொன்னா, நீ பொய்யா எழுதினேன்னு உனக்கு அடி விழுந்திருக்கும்."